வராத வண்டிக்குக் காய்ச்சல் பார்த்த கதை

அவருக்குப் புதன்கிழமை என்று பெயர். பெற்றவர்கள் வைத்ததல்ல, கூட லாரி ஓட்டுகிறவர்கள் வைத்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் ஐஸ்கிரீம் ஏற்றிக்கொண்டு சரக்குக் கிடங்குக்குள் போனவர், இறக்கிவிட்டு வெளியே வந்தது புதன்கிழமை மத்தியானம். அன்றிலிருந்து, "எப்ப இறக்குவாங்க அண்ணே?" என்று புது டிரைவர் யாராவது கேட்டால், பழைய ஆட்கள் அவரைக் கைகாட்டிவிட்டுச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்தப் பெயரை வீட்டில் மட்டும் யாரும் சொல்வதில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

இருபத்திரண்டு வருஷமாகக் குளிர்பெட்டி லாரி ஓட்டுகிறார். ஓட்டுகிறார் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. ஒருமுறை வெட்டியாக உட்கார்ந்திருந்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தார். அதில் ஏழு வருஷம் கிடங்கு வாசலில் உட்கார்ந்தே போயிருந்தது. கொலை செய்துவிட்டு உள்ளே போயிருந்தால்கூட நன்னடத்தைக்காக முன்னாலேயே விட்டிருப்பார்கள். டிரைவருக்கு அந்த நன்னடத்தைச் சலுகையும் கிடையாது. ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூலி. எட்டு மணி நேரம் ஓட்டி, பதினாறு மணி நேரம் உட்கார்ந்தாலும் அதே கூலிதான்.

கிடங்குக்குப் பன்னிரண்டு கதவுகள். லாரியின் பின்பக்கத்தை ஒரு கதவோடு ஒட்டவைத்தால்தான் சரக்கு இறங்கும். பன்னிரண்டில் நான்கு எப்போதும் ரிப்பேர், மூன்றில் ஆள் இருக்காது, மிச்சத்தில் சாப்பாட்டு இடைவேளை. நாள் முழுக்க அந்த இடத்தில் யாராவது சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். காத்திருக்கிற டிரைவர் வண்டியை விட்டு நகர முடியாது. குளிர் மோட்டார் நின்றுபோனால் ஐஸ்கிரீம் உருகும். உருகினால் மொத்தச் சரக்கும் அவன் தலையில் விடியும்.

அதற்காகவே கிடங்கில் ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு மணிக்கொரு தடவை வருவாள். நீளமான தெர்மாமீட்டர் கம்பியைப் பெட்டிக்குள் விட்டு எடுத்து, மணி என்ன, குளிர் எவ்வளவு, டிரைவர் வண்டியில் இருக்கிறாரா என்றெல்லாம் ஒரு தாளில் எழுதுவாள். டிரைவர்கள் அவளை டாக்டரம்மா என்பார்கள். தாளின் வெள்ளைப் பிரதி கிடங்குக்கு, மஞ்சள் பிரதி டிரைவருக்கு. சரக்குக் கெட்டால் பழியை யார்மேல் போடலாம் என்பதற்கு ஆதாரம் வேண்டுமே, அதற்குத்தான் இந்த வைத்தியமெல்லாம்.

மஞ்சள் தாளை எந்த டிரைவரும் படித்ததில்லை. அது மெல்லிசான தாள், எண்ணெயை நன்றாக இழுக்கும். எஞ்சின் ஆயில் பார்க்கிற கம்பியைத் துடைப்பதற்கு அதைப் போல ஒன்று கடையில் காசு கொடுத்தாலும் கிடைக்காது. டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள், இவர்கள் கம்பியைத் துடைத்துச் சீட்டுக்கு அடியில் எறிவார்கள்.

இப்போது வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லாததற்கான காரணம். அவர் கிடங்கில் மாட்டிக்கொண்ட அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் மாமனார் இறந்துபோனார். மறுநாள் பதினோரு மணிக்கு அடக்கம். வீடு அங்கிருந்து ஒன்றரை மணி நேரத் தூரம். கிடங்கு மேனேஜரிடம் போய்க் கேட்டார். "இப்பத்தானே வந்தீங்க, வரிசைப்படி வரும்" என்றார் மேனேஜர். எவன் போய்க் கேட்டாலும் இதையே சொல்வதால் அவருக்கு டிரைவர்கள் வைத்த பெயர் இப்பத்தான். லாரி முதலாளிக்குப் போன் போட்டால், மாற்று டிரைவர் இல்லை, இறங்கிப் போனால் பதினோரு டன் ஐஸ்கிரீமுக்கு நீதான் பொறுப்பு என்றார். பதினோரு டன். இவர் ஆயுள் முழுக்க வேலை பார்த்தாலும் அடைக்க முடியாத ஐஸ்கிரீம். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கும் அவர் அந்தச் சீட்டில்தான் இருந்தார்.

மனைவி அழுது முடித்தபின் ஒரே கேள்விதான் கேட்டார். "வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தீங்கன்னா சரி. சும்மாதானே உக்காந்திருந்தீங்க? எங்கப்பாவுக்குத் தோள் குடுக்க வரக் கூடாதா?"

உட்கார்ந்திருப்பதும் வேலைதான் என்று சொன்னால் கேட்பதற்கு அவருக்கே அசட்டுத்தனமாக இருந்தது. வேலை என்றால் கூலி இருக்க வேண்டாமா? மைத்துனன் கேள்விகூடக் கேட்கவில்லை, பேச்சையே நிறுத்திவிட்டான். இரண்டு வருஷமாக, அக்காவைப் பார்க்க வரும்போதெல்லாம், அவர் கூடத்துக்குள் வந்தால் அவன் சமையலறைக்குப் போவான், அவர் சமையலறைக்குப் போனால் அவன் வாசலுக்குப் போவான். அந்தச் சின்ன வீட்டில் இப்படி ஒளிந்து விளையாடுவதற்கே தனித் திறமை வேண்டும். மாமனாரைவிட அந்தப் பயலிடம்தான் அவருக்குப் பாசம் அதிகம். சைக்கிள் ஓட்டப் பழக்கியதே அவர்தான்.

இப்படியிருக்க, இந்த வருஷத் தொடக்கத்தில் லாரிச் சங்கத்துக்கும் கிடங்குகளுக்கும் ஒரு ஒப்பந்தம் ஆனது. வண்டி வந்து இரண்டு மணி நேரத்துக்குமேல் காக்கவைத்தால், ஒவ்வொரு மணிக்கும் டிரைவருக்குக் காசு. செய்தி வந்த அன்று டிரைவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். புதன்கிழமைக்கு ஊக்கத்தொகையே தர வேண்டும் என்றார்கள். அவர் சிரித்தார். ஆனால் நெஞ்சுக்குள் வேறொரு நினைப்பு ஓடியது. ஒரே ஒரு தடவை அந்தக் காசை வாங்கிக்கொண்டுபோய் மேசைமேல் வைத்து, உட்கார்ந்திருந்ததற்குக் கொடுத்தார்கள் என்று சொல்ல வேண்டும். அது போதும்.

மறுவாரம் போனால், கிடங்கு வாசலில் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைக் காணோம். முன்பெல்லாம் முன் சக்கரம் அந்தக் கோட்டைத் தாண்டினால் வண்டி வந்தாயிற்று என்று காவலாளி முத்திரை குத்துவார். இப்போது கோட்டை அழித்து, உள்ளே, கதவுகளுக்குப் பத்தடி முன்னால் புதிதாகப் போட்டிருந்தார்கள். கேட்டுக்குள் நுழைந்து, வளாகத்தில் நிறுத்தி, ஒன்பது மணி நேரம் குளிர் மோட்டாரை ஓடவிட்டுக் கிடந்தாலும் வண்டி இன்னும் வரவில்லை. கதவு காலியாகிக் கோட்டைத் தாண்டும்போதுதான் வருகிறது. வந்த அரை மணியில் இறக்கிவிடுவார்கள். ஆக ஒருவரும் இரண்டு மணி நேரம் காத்திருப்பதில்லை. ஒரு டப்பா பெயின்டில் பிரச்சினையையே தீர்த்துவிட்டார்கள்.

"சார், ஒன்பது மணி நேரமா இங்கேயே நிக்கிறேன்" என்று இப்பத்தானிடம் போய் நின்றார்.

"வண்டி இன்னும் வரலையே" என்றார் அவர், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே.

"சன்னல் வழியா எட்டிப் பாருங்க சார். நீல வண்டி. கண்ணு முன்னாடி நிக்குது."

"சிஸ்டத்துல வரலை."

இரண்டு மாதம் இப்படியே போனது. லாரி முதலாளியோ, கிடங்கு ஆள் கையெழுத்துப் போட்ட தாளோடு வா, நான் வாங்கித் தருகிறேன் என்று கையைக் கழுவிவிட்டார். புதன்கிழமை பல்லைக் கடித்துக்கொண்டு வண்டி ஓட்டினார், அதாவது உட்கார்ந்திருந்தார்.

ஒரு விடுமுறை நாளில் வீட்டு வாசலில் லாரியை நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தார். சீட்டுக்கு அடியிலிருந்து வாரிப் போட்ட குப்பை ஒரு குவியலாகக் கிடந்தது. டீ கொண்டுவந்த மனைவி, காலில் ஒட்டிய ஒரு மஞ்சள் தாளைப் பிய்த்து எறியப் போனவர், எறியாமல் நின்றார். அவர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எழுதியிருக்கிற எந்தத் தாளையும் படிக்காமல் எறிய அவருக்குக் கை வராது.

"என்னங்க இது? மணிக்கு மணி சூடு எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருக்கு? காய்ச்சல் சார்ட்டு மாதிரியே இருக்கு."

"அது டாக்டரம்மா எழுதறது. வளாகத்துல நிக்கிறப்ப வந்து ஊசி போடும்."

"வண்டி வரலைன்னு சொல்றாங்களே, அப்பவுமா?"

"அப்பவுந்தான்."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. "ஏங்க, அட்மிட் ஆகாத ஆளுக்கு எந்த ஆஸ்பத்திரியிலயாவது காய்ச்சல் பார்த்து சார்ட்டு எழுதுவாங்களா?"

கையிலிருந்த தண்ணீர்க் குழாய் அவர் காலிலேயே பீய்ச்சிக்கொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை.

அன்று மத்தியானம் முழுக்க இருவரும் அந்த வண்டியைத் தலைகீழாகக் கவிழ்க்காத குறை. சீட்டுக்கு அடியில், கருவிப் பெட்டியில், வெயில் மறைப்பின் இடுக்கில் எல்லாம் மஞ்சள் தாள். பாதியில் ஆயில் மண்டி எழுத்தே தெரியவில்லை. மிச்சத்தை மனைவி துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்து, தேதிவாரியாக அடுக்கினார். பக்கத்து வீட்டுக்காரர் வேலிமேல் எட்டிப் பார்த்து, பண நோட்டா என்று கேட்டார். "இனிமேதான் ஆகணும்" என்றார் மனைவி. அவர் இவ்வளவு உற்சாகமாக இருந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

கடைசியாக, கிறீச்சிடுகிற சீட்டுக் காலுக்கு அடியில் நாலாக மடித்துச் செருகியிருந்த ஒரு தாள் வந்தது. மனைவி பிரித்து, தேதியைப் பார்த்து, வெகுநேரம் படித்தார்.

"அது எந்தத் தேதி?"

"இது பழசுங்க. ஒப்பந்தத்துக்கு முன்னாடி. காசு தர மாட்டாங்க" என்று சொல்லி, அதை மட்டும் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சீட்டு திரும்பக் கிறீச்சிடுமே என்று இவருக்குக் கவலை.

அடுத்த தடவை கிடங்குக்குப் போனதும் இப்பத்தானின் மேசைமேல் பதினேழு தாள்களைப் பரப்பினார். அறை முழுக்க ஆயில் நாற்றம்.

"என்ன இது?"

"உங்க ஆளு எழுதினதுதான் சார். வராத வண்டிக்கு மணிக்கு மணி காய்ச்சல் பார்த்திருக்காங்க."

"அது சரக்கோட தரத்துக்காக. வண்டிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை."

"அப்ப சரக்கு வந்திருச்சு, வண்டி வரலையா? ஐஸ்கிரீம் நடந்தா வந்துச்சு?"

வாசலில் கூடியிருந்த டிரைவர்கள் சிரித்த சிரிப்பில் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. இப்பத்தான் தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். தாள் பொய் என்று சொல்லலாம். சொன்னால் ஐஸ்கிரீமை யாரும் சோதிக்கவில்லை என்றாகும், ஐஸ்கிரீம் கம்பெனிக்காரன் தோலை உரித்துவிடுவான். தாள் நிஜம் என்றால் வண்டி வந்துவிட்டது. மனுஷன் அரை மணி நேரம் யோசித்தார். அந்த அரை மணியும் புதன்கிழமை பொறுமையாகக் காத்திருந்தார், அவருக்கு அது கைவந்த கலையாயிற்றே. கடைசியில் இப்பத்தான் பேனாவைத் தேடினார். நூற்றுப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கையெழுத்து ஆனது.

காசு வந்த அன்று அவர் நினைத்திருந்தபடியே மேசைமேல் வைத்தார். சொல்ல வேண்டிய வார்த்தை மட்டும் வரவில்லை. மனைவி எண்ணிப் பார்த்து, பாதியை அவர் பையில் திணித்து, "நாளைக்குத் தம்பி வீட்டுக்குப் போறேன், சாப்பாடு மூடி வச்சிருக்கேன்" என்றார். அவ்வளவுதான். பெரிய காட்சி ஒன்றை எதிர்பார்த்திருந்த அவருக்கு சப்பென்று ஆகிவிட்டது.

மறுநாள் கிடங்கு வளாகத்தில் வரிசையில் எட்டாவதாக நின்றிருந்தார். டாக்டரம்மா கம்பியை உள்ளே விட்டு எடுத்து எழுதினாள். இப்போதெல்லாம் டிரைவர்கள் மஞ்சள் தாளைப் பள்ளிக்கூட மார்க் ஷீட் மாதிரி கண்ணாடித் தாளுக்குள் போட்டு வைக்கிறார்கள், ஆயில் கம்பியைச் சட்டையில் துடைக்கிறார்கள். போன் அடித்தது. திரையில் மைத்துனன் பெயர். தவறிப்போய்க் கை பட்டிருக்கும் என்று நினைத்து, அவன் கட் பண்ணுவதற்குள் அவசரமாக எடுத்தார்.

"மாமா, எங்க இருக்கீங்க?"

"கிடங்குல. காத்துக்கிட்டு இருக்கேன்."

"எவ்வளவு நேரமா?"

அந்தக் குடும்பத்தில் இதுவரை யாரும் கேட்காத கேள்வி. "ஆறு மணி நேரம் பத்து நிமிஷம். அதுல நாலு மணி நேரத்துக்குக் காசு உண்டு" என்று உளறினார்.

அந்தப் பக்கம் தாள் சரசரத்தது. "அக்கா ஒரு தாள் குடுத்துச்சு. அப்பாவைத் தூக்கின அன்னைக்கு உள்ளது." வாய்ப்பாடு படிப்பதுபோல் படித்தான். "ஒன்பது மணி, மைனஸ் பதினெட்டு, டிரைவர் இருக்கிறார். பத்து மணி, மைனஸ் பதினெட்டு, டிரைவர் இருக்கிறார். பதினோரு மணி, மைனஸ் பதினெட்டு." நிறுத்தினான். "டிரைவர் அழுகிறார்னு எழுதியிருக்கு மாமா. கீழே கையெழுத்தெல்லாம் போட்டிருக்கு."

அவர் சன்னல் வழியாகப் பார்த்தார். டாக்டரம்மா அடுத்த வண்டியின் பின்கதவில் நின்று கருமமே கண்ணாக எழுதிக்கொண்டிருந்தாள்.

"சரக்கு நல்லா இருந்துச்சா மாமா?" என்றான் மைத்துனன். குரல் உடைந்திருந்தது.

"ஒரு பெட்டிகூட உருகலைடா" என்றார் அவர். "உன்கூட வண்டியில இருந்தே ரெண்டு மணி நேரம் பேசலாமா? என் முறை இன்னும் வரலை."

"பேசுங்க" என்றான் அவன்.