வறண்ட கால்வாயில் சைக்கிள்

ஐ.டி. வேலைக்காக ஹைதராபாத் வந்து ஆறு வருடமாகியும் நான் தெலுங்கு கற்றுக்கொள்ளவில்லை. இங்கேயே படிக்கும் மகள் நித்யா தெலுங்கில் பதில் சொன்னால் மட்டும், "தமிழ்ல பேசு" என்று அதட்டுவேன்.

ஒரு ஞாயிறு காலை இருவரும் போங்கீர் கோட்டைப் பக்கம் சைக்கிளில் போனோம். கால்வாய்க் கரையில் சரளைக்கல் சறுக்கியது. கால்வாய் வறண்டு கிடந்ததால் நான் உள்ளே இறங்கி, கோட்டையைப் பார்த்தபடி சிமெண்ட் தளத்தில் ஓட்டினேன். நித்யா கரையிலேயே வந்தாள். அங்கே ஆடு மேய்த்த பெண்மணி என்னைப் பார்த்துத் தெலுங்கில் கத்தினார். திட்டுகிறார் என்று நினைத்து இன்னும் வேகமாக மிதித்தேன்.

"அப்பா, கால்வாய் ஷட்டரைத் திறந்துட்டாங்களாம். மேல வாங்க" என்று நித்யா அலறினாள். தமிழில்தான்.

சைக்கிளோடு கரையேறி மூச்சு வாங்குவதற்குள், நான் ஓட்டிய இடத்தில் தண்ணீர் புரண்டு ஓடியது.

இப்போது அவள் தெலுங்கில் பேசினால் அதட்டுவதில்லை. "மெதுவா, இன்னொரு தடவை சொல்லு" என்கிறேன்.