பாய் கடை எதிரில்

எங்கள் வீட்டுக்கு மூன்று எண்கள் உண்டு: பழைய எண், புதிய எண், மனை எண். ஒன்றை எழுதினால் மற்ற இரண்டும் கோபித்துக்கொள்ளுமே என்று நான் எதையும் எழுதுவதில்லை. ‘பாய் புரோட்டாக் கடை எதிரில், ராஜபாளையம்’ என்று போட்டுவிடுவேன். சால்னா வாசம் பிடித்து ஊரே வந்து சேர்கிற இடத்துக்குத் தபால் வராதா என்ன? வந்துகொண்டுதான் இருந்தது.

மனைவி சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தபோது, “உன் கையெழுத்தப் பாத்தா அதிகாரிக்குக் காய்ச்சல் வந்திரும்” என்று பேனாவைப் பிடுங்கி நானே நிரப்பினேன். முகவரிக் கட்டத்தில் வழக்கமான வரிதான். அந்த வருடத்தோடு வயது வரம்பு முடிகிறது, இனி விண்ணப்பிக்க முடியாது என்பது அவளுக்கு நினைவிருந்தது. எனக்கு என் கையெழுத்தின் அழகுதான் நினைவிருந்தது.

அடுத்த மாதம் பாய் தன் கடையைத் தளவாய்புரம் போகிற சாலைக்கு மாற்றினார். பிரிவின் துயரத்தில் ஆறு புரோட்டா தின்றேன். கடையோடு என் முகவரியும் கிளம்பிப் போகிறது என்பது உறைக்கவில்லை.

ஒரு நாள் மதியம் சோழபுரத்திலிருந்து அவளுடைய தோழி போன் செய்தாள். நாளைக் காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் நேர்காணல், கடிதம் வந்து நாலு நாளாயிற்று, உனக்கு வரவில்லையா என்று கேட்டாள். மனைவி போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, விலாசம் என்னன்னு எழுதுனீக?”

சொன்னேன்.

“கதவு நம்பரு?”

“பாய் கடைன்னா யாருக்கும்மா தெரியாது?”

“அந்தக் கடை இப்ப எங்க இருக்கு?”

தளவாய்புரம் சாலை இருக்கிற திசையில் கையைக் காட்டினேன். அதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“வண்டிய எடுங்க. லெட்டர் இல்லாம வீட்டுக்கு வர மாட்டேன்.”

தபால் நிலையத்தில் எங்கள் பகுதிக்குப் புதிதாக வந்த தபால்காரர் இருந்தார். கேட்டதுமே தலையில் கை வைத்தார்.

“அந்த ரிஜிஸ்தர் தபாலா? மூணு நாளா அலையுதேன் சார். கடைக்கு எதுத்தாப்புல மரம் அறுக்கிற மில்லுல்லா இருக்கு! அப்படி ஒரு அம்மாவே இங்க இல்லைன்னுட்டாக.”

“பாய்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?” என்றேன்.

“நான் போறது காலைல. கடை தொறக்கது சாயங்காலம். இன்னைக்குத் திருப்பி அனுப்புற கட்டுல வச்சாச்சு.”

“கட்டு போகலைல்ல? அப்ப எடுங்க” என்றாள் மனைவி.

கவுன்ட்டரில் இருந்த அம்மா அடையாள அட்டை கேட்டார். அவளுடைய ஆதாரில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிறந்த வீட்டு முகவரியும் அப்பா பெயரும். கல்யாணமான நாளிலிருந்து ‘மாற்றித் தருகிறேன்’ என்று நான் சொல்லிவருகிற அட்டை அது. கவரிலோ அவள் பெயருக்குப் பின்னால் என் பெயரும் ராஜபாளையமும்.

“இவங்கதான் அவங்கன்னு யாராச்சும் சொல்லணுமே.”

“நான் சொல்லுதேன்” என்றேன்.

“உங்களை யாருக்குத் தெரியும்?”

நியாயமான கேள்வி. பாய்க்குப் போன் போட்டேன். மாவு பிசைந்த கையோடு வந்து நின்றார்.

“இந்தத் தங்கச்சியத் தெரியாதா? எம்புட்டு வருசமா எதுத்த வீடு! மாப்ளதான் கடைய நம்பி விலாசம் எழுதிட்டாக. ஏன் மாப்ள, கடைய மாத்துறப்ப உம்ம வீட்டையும் தூக்கிட்டுப் போயிருக்கணுமோ?”

கவுன்ட்டர் அம்மாவே சிரித்துவிட்டார். மனைவி சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டு, அங்கேயே கவரைக் கிழித்தாள். நாளை காலை பத்து மணி. இரண்டு முறை படித்துவிட்டு, கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

மறுநாள் வண்டியைத் துடைத்து நிறுத்தினேன்.

“நான் பஸ்ல போயிக்கிடுதேன்” என்று நடந்தாள். “ஒங்களோட வந்தா எந்த மில்லுக்குப் போய்ச் சேருவனோ.”

வேலை கிடைத்தால் ஆணை தபாலில்தான் வருமாம். நேர்காணல் முடிந்து திரும்பும்போது தபால் நிலையத்தில் இறங்கி, தபால்காரரைக் கையோடு கூட்டிவந்து வாசலைக் காட்டினாள். டீயும் கொடுத்தாள்.

“நல்லாப் பாத்துக்கிடுங்க. இதான் வீடு.”

அவர் என்னைப் பார்த்தார். “சாருக்கு வர்ற தபாலு?”

“அதையும் எங்கிட்டயே குடுத்திருங்க.”