ஓங்கிய கை

இன்று காலை அடுப்படியில் எவர்சில்வர் செம்பு உருண்டு விழுந்தது. அந்தச் சத்தத்தில் விக்கிரமசிங்கபுரத்தில் நாங்கள் இருந்த மில் லைன் வீடு அப்படியே திரும்பி வந்துவிட்டது. தொண்ணூறுகளின் தொடக்கம். மில் சங்கு ஊதினால் புருவமெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டு அப்பா வருவார். பாத்திரம் உருண்டால் போதும், பெல்ட் இறங்கும்.

என் முழங்கைத் தழும்பைப் பார்த்த கணக்கு டீச்சர் நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். "அண்ணாச்சி, பிள்ளை நல்லா படிக்கா. இனி அவ மேல கை வச்சீங்கன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றார். அன்றிலிருந்து பள்ளி விட்டதும் டீச்சர் வீட்டில்தான் படித்தேன்.

டீச்சரின் மகள் செல்விக்கும் என் வயதுதான். ஒருநாள் அவள் குழம்புச் சட்டியைத் தட்டிவிட்டாள்.

"ஏட்டி, கண்ணு பொடதியிலயா இருக்கு?" என்று டீச்சர் கையை ஓங்கினார்.

தலையைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒடுங்கியது நான். செல்வியோ சிரித்துக்கொண்டே குழம்பைத் துடைத்தாள். டீச்சர் ஓடிவந்து என்னை அணைத்துக்கொண்டார். அந்த அணைப்பிலும் எனக்கு வயிறு எரிந்தது. செல்வியின் வெள்ளிக் கொலுசும் புதுப் பாவாடையும் எனக்கு வேண்டாம். ஓங்கிய கையைப் பார்த்துச் சிரிக்க அவளுக்கு மட்டும் எப்படி முடிகிறது?

டீச்சர் புண்ணியத்தில் படித்தேன். நானும் கணக்கு டீச்சர் ஆனேன்.

இன்று செம்பைத் தட்டிவிட்டது என் மகள். "ஏட்டி!" என்று பொய்க்கோபத்தோடு கையை ஓங்கினேன். அவள் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சிரித்தாள்.

பெற்ற மகள்தான். என்றாலும் வயிறு எரிந்தது.