உப்புக் கரித்த பால்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. ஆய்வகத்தில் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மற்றவர்கள் டீ குடிக்கப் போவார்கள். நான் அதன் முன்னால் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருப்பேன். "நீ முறைக்கதப் பாத்துப் பயந்து அது சீக்கிரம் முடிச்சிரும்னு நெனப்போ?" என்று கேட்பார் எங்கள் சார். ஆய்வகத்துக்குத் தலைவர் அவர். அவருடைய பொறுமையில் பாதி எனக்கிருந்தால் சொல்வதற்கு இந்தக் கதையே இருந்திருக்காது.

எங்களுக்கு வேலை பால் சோதனை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஜன்னலை அதிரவைக்கிற தெருவில் இருக்கிறது ஆய்வகம். கறவை மாடுகளுக்குப் புதுத் தீவனம் கொடுத்துப் பார்க்கும் ஓர் ஆராய்ச்சிக்காக, தூத்துக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து மாதம் ஒருமுறை ஐஸ் பெட்டியில் பால் வரும். சின்னச் சின்ன பாட்டில்கள், மேலே வெறும் எண். யார் வீட்டு மாடு என்று எங்களுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் பார்க்கிற கண் ஓரவஞ்சனை செய்துவிடும் என்று ஆராய்ச்சிக்காரர்களுக்குப் பயம்.

அதில் ஒரு பாட்டில் என் உயிரை வாங்கியது. மடிநோய் கண்ட பசுவின் பாலில் உப்பு ஏறும். அதே பாலை நுண்ணோக்கியில் பார்த்தால், நோயை எதிர்க்க வந்த செல்கள் ஈசல் மாதிரி மொய்த்துக் கிடக்கும். இரண்டும் சேர்ந்தேதான் வரும். இந்தப் பாட்டிலில் உப்பு தாறுமாறாக எகிறியிருந்தது. செல்களோ இங்கொன்றும் அங்கொன்றும். மூன்று மாதமும் இதே கூத்து. மூன்று முறை உப்பு கூடினால் 'நாள்பட்ட மடிநோய், மாட்டைக் கழிக்கலாம்' என்று எழுத வேண்டும் என்பது அந்த ஆராய்ச்சியின் விதி. எழுதினோம். கூடவே, "இரண்டு சோதனையும் ஒத்துப்போகவில்லை, மறுபடி பால் எடுத்து அனுப்புங்கள்" என்று சார் ஒரு வரியும் சேர்த்தார். அந்த வரிக்கு மட்டும் பதிலே இல்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு, சாம்பாரில் பருப்பு வேகவில்லை என்று பழிபோட்டேன். ஐஸ் பெட்டி கொண்டுவரும் வண்டிக்கார அண்ணாச்சி அடுத்த முறை வந்ததும், கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேவிட்டேன்.

"அந்த நம்பரா? புன்னைக்காயல் போற வழியில ஒரு அக்கா வச்சிருக்காவ. ஒத்த மாடு. ரிப்போர்ட்டப் பாத்துட்டு வீட்டுக்காரரு பேசி முடிச்சிட்டாரு. இன்னைக்குச் சாயந்திரம் அடிமாட்டு வியாபாரி வாரான்."

ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். சாரிடம் போய் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த சாவியைப் பார்த்தார். "மடிநோய்த் தட்ட எடுத்துக்கோ. உப்பு மீட்டரையும் எடுத்துக்கோ. மெதுவாப் போ," என்றார். கடைசி வார்த்தையை நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

முள்ளக்காடு தாண்டியதும் இருபுறமும் உப்பளம், கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை. எங்கே திரும்பினாலும் உப்பு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அந்த அக்கா கொட்டிலில் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவர் கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அன்று கரையில் இருந்தார். முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் யாரென்று சொன்னதும் அக்கா என் கையை இழுத்து மடியின் மேல் வைத்தார்.

"தொட்டுப் பாருங்க யம்மா, பஞ்சு மாதிரிலா இருக்கு. இதுல என்ன நோவக் கண்டீய?"

நாலு காம்பிலிருந்தும் பாலைத் தட்டின் நாலு குழிகளில் பீய்ச்சச் சொன்னேன். மருந்தை ஊற்றிச் சுழற்றினேன். நோய் இருந்தால் வழவழவென்று கெட்டியாகும். பால் தண்ணீராகவே ஓடியது. மீட்டரை வைத்தேன், உப்பும் கூடுதலில்லை. இன்னொரு முறை வைத்தேன், அதே எண்.

"எங்களுக்குக் குடுக்கிற பால எப்படி எடுப்பீங்க? அப்படியே செஞ்சு காட்டுங்கக்கா."

அக்கா காட்டினார். காம்பைக் கழுவினார், முதல் பீய்ச்சலைக் கீழே விட்டார், பாட்டிலில் பிடித்தார். எல்லாம் சொல்லிக்கொடுத்தபடி. பிறகு பாட்டிலோடு வீட்டுக்குள் போனார். நான் பின்னாலேயே போனேன். ஆடுமாடுகளைக் காக்கும் புனிதரின் படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணத்தில் கல்லுப்பு. கோயில் திருவிழாவில் மாட்டைக் கூட்டிப்போனபோது மந்திரித்துக் கொடுத்ததாம். அதில் ஒரு சிட்டிகையை எடுத்துப் பாட்டிலில் போட்டு, சிலுவை வரைந்து, மூடியைத் திருகினார்.

எனக்குக் கோபம், சிரிப்பு, அழுகை எல்லாம் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. "என்னக்கா இது? எதுக்கு உப்பு?"

"வெளிய போற பாலுக்குப் போடாமலா? அதுவும் நீங்க கண்ணாடி வச்சு உத்து உத்துப் பாப்பீயளாம். வெறுங்கண்ணு பட்டாலே மடி வத்திப்போவுது. நீங்க பாக்கதுக்குத்தான் போட்டேன்."

அதற்குள் வாசலில் வியாபாரியின் குட்டியானை வண்டி ஹாரன் அடித்தது. கணவர் எழுந்து கயிற்றை அவிழ்க்கப் போனார். ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

"அண்ணே, மாட்டுக்கு ஒண்ணுமில்ல. பாட்டில்ல உப்பு விழுந்திருக்கு."

"எழுத்துல வந்தது பொய்யாவா இருக்கும்?"

"எழுதினவ நான்தான் அண்ணே. நானே சொல்லுதேன், தப்பு. உப்பு போடாம ஒரு பாட்டில் தாங்க. நாளைக்கு வேற ரிப்போர்ட்டு தாரேன்."

அவர் கயிற்றைப் பிடித்தபடி பசுவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு வியாபாரியிடம் திரும்பி, "நாளைக்கு வாலே," என்றார்.

புதிய பாட்டிலை அக்கா என்னிடம் நீட்டினார். நான் பிடித்த பிறகும் அவர் விரல்கள் விடவில்லை. கண் உள்ளே படத்தின் பக்கமே போய்ப்போய் வந்தது. இழுத்துப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை. என் சுபாவத்துக்கு வராத பொறுமையோடு நின்றேன். கடைசியில் விட்டார்.

மறுநாள் காலை அந்தப் பாலைச் சோதித்தேன். உப்பும் அளவோடு இருந்தது, செல்களும் அளவோடு இருந்தன. புது அறிக்கையில் சார் கையெழுத்துப் போட்ட கையோடு போன் செய்தேன். முதல் மணியிலேயே அக்கா எடுத்துவிட்டார்.

"மாடு நல்லா இருக்குக்கா. எங்கயும் போக வேண்டாம்."

"ராத்திரி முச்சூடும் பொட்டுத் தூக்கமில்ல யம்மா. கொட்டிலுக்கும் வீட்டுக்குமா நடந்துக்கிட்டே இருந்தேன். உப்பில்லாமப் போயிருக்கே, எந்தக் கண்ணு படுதோன்னு. பாத்து முடிச்சாச்சுல்லா? இனி யாரும் பாக்க மாட்டீயளே?"

மாதாமாதம் பார்ப்போம், ஆராய்ச்சி முடியும்வரை பார்ப்போம் என்று சொல்ல வேண்டியவள் நான். ராத்திரியெல்லாம் நடந்தேன் என்று ஒருத்தி சொல்லக் கேட்டபின் அதை விழுங்கிக்கொண்டேன்.

"நான் மட்டும்தான் பாப்பேன்க்கா," என்றேன்.

"நீங்கன்னா பாருங்க," என்றார்.

ஐஸ் பெட்டி வந்து இறங்கியதும் இப்போதெல்லாம் உப்பில்லாமல் வரும் அந்தப் பாட்டிலை முதலில் நான் எடுத்துவிடுகிறேன். வேறு யாரையும் அதைத் தொட விடுவதில்லை.