மேசையில்லாத வீட்டில் நான்கு கதிரைகள்

என்னிடம் இருக்கும் நான்கு கதிரைகளில் ஒன்றின் முன்காலில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் உண்டு. சிட்னியின் புறநகரான டூங்கபியில் எங்கள் தெருவைக் கடக்கும்போது அதை நான் நடைபாதை விளிம்பில் இடித்துவிட்டேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. கதிரையைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு எதிர் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். நல்ல தேக்கு, செதுக்கு வேலை செய்த முதுகு, பச்சைத் துணி போட்ட இருக்கை. மலேசியாவிலிருந்து கப்பலில் வந்தவை. கண்டிப்பாகச் சொல்வதானால் அவை இன்றைக்கும் என்னுடையவை அல்ல.

அவற்றின் சொந்தக்காரியை நான் அன்ரி என்று அழைப்பேன். அம்மா அவரை அக்கா என்பார். மலேசியத் தமிழர், மாணவியாக சிட்னிக்கு வந்து, கணக்காளராகி, இங்கேயே தங்கிவிட்டவர். வீட்டின் முன்னறையில் இருந்து எங்கள் சனத்துக்கு வருமான வரிப் பத்திரம் நிரப்பிக் கொடுப்பார். ஜூலை பிறந்தால் அவருடைய வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். யார் என்ன செலவைச் சொன்னாலும் பேனையை எடுக்கும் முன் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "இது நடந்துச்சா?" கோயிலுக்குப் போன கார்ச் செலவை வேலைச் செலவில் போடச் சொன்ன ஒருவரிடம், "கோயில்ல என்ன வேலை பாக்குறீங்க, மணியடிக்கிறீங்களா?" என்று கேட்டதை நானே கேட்டிருக்கிறேன். இன்னொருவர் ஒரு நிவாரண நிதிக்குப் பணம் கொடுத்ததாகச் சொன்னார். துருவிக் கேட்டதில், கொடுக்க நினைத்தார், கொடுக்கவில்லை என்று தெரிந்தது. அன்ரி தொலைபேசியை அவர் பக்கம் தள்ளி, "இப்பவே குடுங்க. அடுத்த வருஷக் கணக்குல நான் எழுதுறேன்" என்றார். அந்த மனிதர் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தார்.

எங்கள் குடும்பம் இலங்கையின் வடக்கிலிருந்து வந்தது. அப்பா ஒரு குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை, அம்மா அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலை. நான் ஒரு தனியார் பெண்கள் பள்ளியின் திறந்த நாளுக்குப் போயிருந்தேன். அங்கே ஓர் அறையில் மாணவிகள் தங்கள் பள்ளிப் பத்திரிகையின் பக்கங்களைக் கணினியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் தலைப்பை வெட்டிச் சுருக்க, இருவரும் சண்டை பிடித்தார்கள். அந்த அறையை விட்டு வெளியே வர எனக்கு மனமில்லை. அந்தப் பள்ளியின் கட்டணம் எங்களுக்கு எட்டாதது. குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அங்கே உதவி நிதி ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தவர் அன்ரிதான். அவருடைய வாடிக்கையாளரான ஒரு மருத்துவர் ஆண்டுதோறும் அதற்கு நன்கொடை கொடுத்து, வருமானத்தில் கழித்து வந்தார்.

அம்மா முதலில் மறுத்தார். "ஆரோ தாற பிச்சையிலயோ என்ர பிள்ளை படிக்கிறது?" அதற்கு அன்ரி தன் மலேசிய 'லா'வையும் சேர்த்துச் சொன்ன பதில் பிறகு என் தொழிலில் பலமுறை எனக்கு உதவியிருக்கிறது. "பிச்சை இல்ல லா, இது வரிக் கணக்கு. டாக்டர் குடுக்கிற காசுக்கு அவர் வரி கட்ட வேண்டியதில்ல. அப்ப அதுல ஒரு பங்கு அவரோடது இல்ல, அரசாங்கத்தோடது. அரசாங்கத்தோடதுன்னா உன் வீட்டுக்காரர் ராத்திரி முழுக்க ஐஸ்ல நின்னு கட்டுற வரியும் அதுல இருக்கு. உன் காசு சுத்திட்டு உன்கிட்டயே வருது." அம்மா யோசித்தார். அப்பாவிடம் கேட்டார். பிறகு கையெழுத்து வைத்தார்.

பின்னாளில் ஒரு நாளிதழில் கல்விச் செய்திகள் எழுதியபோது இந்தச் சுற்றுப் பாதை எனக்குத் தீராத ஆர்வமாகிவிட்டது. அமெரிக்காவில் சில மாநிலங்களில் இப்படிக் கொடுத்த தொகையைக் கட்ட வேண்டிய வரியிலிருந்தே கழித்துக்கொள்ளலாம். இங்கே வருமானத்திலிருந்துதான் கழிக்கலாம். எங்கும் வாதம் ஒன்றேதான். ஏழைப் பிள்ளைக்கு ஒரு கதவு திறக்கிறது என்பார் ஒருவர். அந்தக் கதவைத் திறக்கும் காசு பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போகவேண்டியது என்பார் மற்றவர். இரண்டு பேரிடமும் நான் குறிப்பெடுத்திருக்கிறேன், இரண்டு பேருடைய பேச்சிலும் நியாயம் இருந்தது. ஆனால் இரண்டு பேருமே ஒரு விஷயத்தைப் பேசவில்லை. ஒரு குடும்பம் தான் ஏழைதான் என்று எப்படிக் காட்டுகிறது? அதைக் காட்டும் நாளில் அந்த வீட்டில் என்ன நடக்கிறது?

எங்கள் வீட்டில் நடந்தது இது. கடைசிக் கட்டமாக நிதியிலிருந்து இருவர் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள் என்று அறிவித்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை பின்னேரம், அப்பா மேலதிக வேலைக்குப் போயிருந்தார். மொழிபெயர்க்க அன்ரி வருவதாக ஏற்பாடு. காலையில் அவர் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனார். கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த அன்ரியின் கணவர், அங்கிள், என்ன ஏது என்று கேட்காமல், சாப்பாட்டு மேசையைச் சுற்றியிருந்த ஆறு கதிரைகளில் நான்கைத் தூக்கிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் நிலத்தில் பாய் விரித்துத்தான் சாப்பிடுவோம். துணிக்கு இஸ்திரி போட்டு மினுக்கும் பலகையை உயரம் குறைத்து வைத்து அதில்தான் நான் படிப்பேன். அந்த வெறுங்கூடத்தில் நான்கு தேக்குக் கதிரைகளும் வந்து நின்றபோது அது வேறு யாருடையதோ வீடு மாதிரி இருந்தது. அம்மா சேலை மாற்றி, தாலிக்கொடியை வெளியே எடுத்துவிட்டார். குசினியில் கட்லட், ரோல்ஸ், கேக்.

அன்ரி உள்ளே வந்தார். தன் கதிரைகளைப் பார்த்தார்.

"என்ன இது? பொண்ணா பாக்க வர்றாங்க? வீடு பாக்க வர்றாங்க லா!"

"வாற ஆக்களை நிலத்திலயோ இருத்திறது, அக்கா?"

"ஆமா, நிலத்துலதான். உங்ககிட்ட ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்திருக்கோம். இதைப் பாத்தா அவங்க என்ன நினைப்பாங்க?"

"இல்லாத ஆக்கள் எண்டு எழுதிக் குடுத்திட்டம்தானே. பிறகென்ன, வீடு தேடி வாற சனத்துக்கு அதைத் திரும்ப ஒருக்கால் நடிச்சும் காட்ட வேணுமோ?"

அன்ரி கைப்பையை நிலத்தில் வைத்தார். ஒரு கதிரையின் முதுகைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தார். அம்மா மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். அப்போது வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

வந்தவர்கள் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு முதிய பெண்மணியும், கோப்புடன் ஓர் இளைஞரும். அவர்களைக் கதிரையில் இருத்தியாயிற்று. தேத்தண்ணி வந்தது. அதை வைக்க மேசை இல்லை. அம்மா கதிரைகளை நினைத்தாரே தவிர மேசையை நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் எங்கள் இருவராலும் தூக்கியிருக்க முடியாது. பெண்மணி கோப்பையை ஒரு முழங்காலிலும் கட்லட் தட்டை மறு முழங்காலிலும் வைத்துச் சமாளித்தார். நான் எங்கே படிக்கிறேன் என்று கேட்டார், பலகையைக் காட்டினேன். அப்பாவின் வேலை நேரம் கேட்டார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு, கதிரையின் செதுக்கு வேலையைத் தடவியபடி, மிக அழகான கதிரைகள், ஊரிலிருந்து கொண்டுவந்தீர்களா என்று கேட்டார்.

அம்மாவுக்கு ஆங்கிலம் குறைவு. ஆனால் அந்தப் பெண்மணியின் கை போன இடமே போதும். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். இளைஞரின் பேனை நின்றது. நான் அன்ரியின் முகத்தையே பார்த்தேன். எங்களுடையவை என்று சொன்னால் அது பொய், அந்தப் பள்ளியும் போயிற்று. இரவல் என்று சொன்னால் அம்மா இனி யாரையும் நிமிர்ந்து பார்க்கமாட்டார். நடக்காததை ஒருநாளும் எழுதாத அந்தப் பெண் ஒரு மிடறு தேநீர் குடிக்கும் நேரம் எடுத்துக்கொண்டார்.

பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்: அவை என்னுடையவை. நான் இந்த வீட்டுக்கு அடிக்கடி வருகிறவள். முழங்கால் வலி, நிலத்தில் உட்கார முடியாது. அதனால் இங்கேயே போட்டு வைத்திருக்கிறேன்.

பெண்மணியின் புருவம் உயர்ந்தது. நான்குமா என்று கேட்டார்.

என் குடும்பத்தில் நான்கு பேர், என்றார் அன்ரி.

அவர்கள் போன பிறகு அம்மா அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, இருட்ட முன்னம் கதிரையளைக் கொண்டுவந்து தாறன்" என்றார்.

"எதுக்கு?" அன்ரி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "இங்கதான் இருக்குன்னு சொல்லிட்டேன்ல. அடிக்கடி வருவேன்னும் சொல்லிட்டேன். இனிமே அது நடக்கணும்."

நடந்தது. அடுத்த சனிக்கிழமை மாலை அன்ரி, அங்கிள், அவர்களுடைய மகன்கள் இருவர், நான்கு பேரும் தெருவைக் கடந்து வந்து நான்கு கதிரைகளிலும் உட்கார்ந்தார்கள். நாங்கள் எதிரே பாயில். அதற்கு அடுத்த சனிக்கிழமையும் வந்தார்கள். மகன்கள் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், பிறகு அம்மாவின் ரோல்ஸுக்காகவே வந்தார்கள். அவர்கள் வீட்டு மேசையில் மிஞ்சியது இரண்டு கதிரைகள். "என் வீட்டுல நான் நின்னுட்டு சாப்பிடுறேன், என் நாற்காலி எதிர் வீட்டுல உக்காந்திருக்கு" என்று அங்கிள் வருகிறவர்களிடமெல்லாம் முறையிட்டார். ஆனால் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை.

உதவி நிதி கிடைத்தது. நான் அந்தப் பத்திரிகை அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்தப் பெண்மணி எங்கள் வீட்டைப் பற்றி என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. செய்தியாளராகப் பல வீடுகளின் கூடங்களில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்த பிறகு ஓர் ஊகம் மட்டும் இருக்கிறது. மேசையே இல்லாத வீட்டில் நான்கு சாப்பாட்டுக் கதிரைகள் நின்றால், அவை எங்கிருந்தோ தூக்கி வரப்பட்டவை என்பது கண்ணுள்ள எவருக்கும் தெரியும். வருகிறவர்களுக்காகத் தூக்கி வந்தார்கள் என்பதும் தெரியும். அந்தப் பெண்மணி அன்று கதிரைகளைப் பற்றிச் சந்தேகப்பட்டுக் கேட்டாரா, வெறும் பாராட்டாகச் சொன்னாரா என்பதை மட்டும் என்னால் இன்னும் முடிவு செய்ய முடியவில்லை.

அன்ரி இப்போது மெல்பேர்னில், கிரெய்கிபர்னில், மூத்த மகனுடன் இருக்கிறார். அங்கிள் இல்லை. அவர் தன் டூங்கபி வீட்டை விற்றபோது கதிரைகளைத் திருப்பி எடுக்கச் சொன்னேன். வான் பிடித்து அனுப்புகிறேன் என்றும் சொன்னேன். தொலைபேசியில் அவர் குரல் கடுத்தது.

"அப்ப நான் வந்தா எங்க உக்கார்றது?"

ஆண்டுதோறும் ஜூலையில் விமானம் ஏறி வந்து என் வரிப் பத்திரத்தை அவரே நிரப்புகிறார். என் வீட்டில் இப்போது மேசை உண்டு. நல்ல மேசைதான், ஆனால் கதிரைகளோடு நிறம் பொருந்தாது. போன மாதம் வந்தவர் கீறல் விழுந்த கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முழங்காலை நீவிவிட்டுக்கொண்டார், அந்த வலி இப்போது உண்மையாகவே வந்துவிட்டது. பற்றுச்சீட்டுகளைப் புரட்டியவர், நான் அந்தப் பள்ளி நிதிக்குக் கொடுத்ததற்கான சீட்டில் வந்து நின்றார். மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"இது நடந்துச்சா?"

"ஓம் அன்ரி."

எழுதிக்கொண்டார்.