ஒன்பது ஆண்டு இன்டெரிம்

செவ்வாய்க்கிழமை காலை லஸ் முனையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது எங்கள் பள்ளி வாட்ச்மேன் கூப்பிட்டார். "சார், பெரிய மிஸ் போய்ட்டாங்க. பூசைக்குப் போய்க்கினு இருந்தவங்க ரோட்லயே உக்காந்துட்டாங்களாம். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சி." பத்து நிமிடத்தில் நிர்வாகத்தின் இரங்கல் செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. பிலோமினா மிஸ் பெயருக்கு முன்னால் 'இன்டெரிம் ஹெட்மிஸ்ட்ரஸ்', அதாவது தற்காலிகத் தலைமையாசிரியை, என்று போட்டிருந்தார்கள். செத்த பிறகும் அந்த வார்த்தையை எடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அவரோடு வேலை பார்த்த எங்கள் எல்லோருக்கும் தெரியும். பழைய தலைமையாசிரியை ஓய்வு பெற்ற அன்று, "புது ஆள் வர்ற வரைக்கும் ரெண்டு மாசம் பாத்துக்குங்க" என்று தாளாளர் கொடுத்த பொறுப்பு அது. இரண்டு மாதம் ஒன்பது ஆண்டானது. ஒவ்வொரு ஜூனிலும் அதே வாசகத்தோடு புதுக் கடிதம் வரும். தலைமையாசிரியர் அறையில் ஒரு பெயர்ப் பலகை இருக்கிறது. நிரந்தரமானவர்களின் பெயரை மட்டுமே அதில் எழுதுவது எங்கள் பள்ளி வழக்கம். அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்துதான் மிஸ் பள்ளியை நடத்தினார்.

மூன்றாவது கடிதத்தை அவர் சும்மா விடவில்லை. ஆங்கில ஆசிரியை அல்லவா, சிவப்புப் பேனாவால் 'இன்டெரிம்' என்ற சொல்லைச் சுழித்து, ஓரத்தில் "எந்தத் தேதி வரை?" என்று எழுதித் தாளாளருக்கே திருப்பி அனுப்பிவிட்டார். ஆசிரியர் அறையில் நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "இன்டெரிம் ரிப்போர்ட்னா பின்னாடி ஃபைனல் ரிப்போர்ட் வரணும் சார். வரப்போறது எதுவும் இல்லன்னா அந்த வார்த்தையைப் போடவே கூடாது. எட்டாங்கிளாஸ் புள்ள எழுதினாலே நான் மார்க் குறைப்பேன்" என்றார். அடுத்த ஜூனில் அதே கடிதம் வந்தது.

அடக்கத்துக்குத் தாளாளர் பெரிய மாலையோடு வந்து, "பள்ளிக்காகவே வாழ்ந்தவங்க" என்று பேசினார். பக்கத்தில் நின்ற மிஸ்ஸின் தங்கை, "உயிரோட இருந்தப்ப ஒரு ஆர்டர் போட முடியல இவரால" என்றார், சத்தமாகவே. யாரும் அவரைத் தடுக்கவில்லை.

கோபத்தையெல்லாம் தாளாளர் தலையில் இறக்கிவைத்துவிட்டு நான் நல்லவனாகிவிட முடியாது. போன ஜனவரியில் பணி நிரந்தரம் கேட்டு மிஸ் ஒரு மனு எழுதினார். ஆசிரியர்கள் எல்லோரும் கையெழுத்திட்டால் நிர்வாகக் குழுவில் வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். நான் மூத்தவன் என்பதால் முதலில் என்னிடம் கொண்டுவந்தார். "ரிடையர் ஆகறதுக்குள்ள அந்தப் பலகைல என் பேரைப் பாத்துடணும் சார்" என்றார். அப்படி அவர் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒரு முறைதான். "பரீட்சை முடியட்டும் மிஸ், பாத்துக்கலாம்" என்றேன். என் மகளுக்கு அதே பள்ளியில் வேலை கேட்டிருந்த நேரம் அது. தாளாளரைப் பகைத்துக்கொள்ளப் பயந்தேன். நான் போடாததால் மற்றவர்களும் போடவில்லை.

அந்த மனு இன்னும் என் மேசையில் இருக்கிறது. அவர் கைப்பட எழுதியதில் நான் வைத்திருப்பது அது ஒன்றுதான். எங்கள் பதினெட்டுப் பேரின் பெயரையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார். முதல் பெயர் என்னுடையது.