முப்பத்தேழாவது மாதம்

வாடகை என்ற சொல்லே தில்ஷாத் அக்காவுக்கு ஆகாது. ஆம்பூரில் பாதிப் பேர் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம், அதில் நானும் ஒருவன். அதற்காக அவர் வாயை அடக்கிக்கொள்வார் என்று நினைக்காதீர்கள். "செவுத்துல ஒரு ஆணி அடிக்கணும்னா ஓனர கேக்கணும். அதெல்லாம் ஒரு வீடா பாண்டியா?" என்று என் பெண்டாட்டி எதிரிலேயே கேட்டவர் அவர். அன்றைக்கு அவளும் சிரித்துவிட்டாள் என்பதுதான் எனக்குக் கூடுதல் எரிச்சல்.

நான் தையல் மெஷின் மெக்கானிக். ஷூ கம்பெனிகளிலும், வீட்டில் ஷெட் போட்டு கம்பெனிக்காகத் தைத்துக் கொடுப்பவர்களிடமும் மெஷின் ரிப்பேர் பார்க்கிறேன். அக்காவின் ஷெட்டுக்குப் பதினோரு வருடமாகப் போய்வருகிறேன். மெஷினைக் கழற்றி வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தால் போதும், அவருக்குப் பேச்சு வந்துவிடும். ஊர் உலகத்தில் அவருக்கு அபிப்பிராயம் இல்லாத பொருள் எதுவும் கிடையாது.

செல்போன் என்றால், "ரீசார்ஜ் போடலன்னா நான் பேசறது வேணாம் நிறுத்தட்டும். எனக்கு வர்ற போனயும் நிறுத்தறானே, அப்ப அது யாரு போனு? நாலாயிரம் குடுத்தது நான்தான?" என்பார். தண்ணீர் கேன் வந்து இறங்கினால், "பாலாறு நம்ம ஊருது, தண்ணி கேன்காரனுது" என்பார். கேன் இரண்டு ரூபாய் ஏறிய அன்று அந்தப் பையனை வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கணக்குக் கேட்டார். அவனும் என்ன செய்வான், முதலாளியைக் கேளுங்க என்றான். டீக்கடையில் ஸ்கேன் செய்து காசு கொடுப்பவர்களைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு. "பாக்கெட்ல இருந்து போறது கண்ணுக்குத் தெரியணும். தெரியாம போனா ஜாஸ்தி போவும்." இதில் மட்டும் நான் அவர் கட்சி.

அவருக்கு ஏன் இந்தச் 'சொந்த'ப் பைத்தியம் என்றால் அதற்குக் காரணம் உண்டு. பதினெட்டு வயதில் ஷூ கம்பெனிக்குத் தைக்கப் போனவர். பத்தொன்பது வருடம் ஒரே லைனில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைத்தார். அதற்கு அப்பர் என்று பெயர். ஒரு நாள் மெஷின் ஊசி முறிந்து விரலில் ஏறியது. சூப்பர்வைசர் ஓடிவந்து முதலில் பார்த்தது மெஷினை. அக்காவை அப்புறம்தான் பார்த்தான். அந்த மாதமே கணக்கை முடித்துக்கொண்டு வெளியே வந்தவர், வந்த பணத்தில் மூன்று பழைய மெஷின் வாங்கி, கணவர் கவுஸ் பாஷா கட்டிவைத்த ஒன்றரை சென்ட் வீட்டுக்குப் பின்னால் ஷீட் போட்டு உட்கார்ந்தார். "இனிமே தைச்சா என் மெஷின்லதான் தைப்பேன்" என்று சொன்னார். கவுஸ் பாஷா மாரடைப்பில் போன பிறகும், மகள் தூபாவைக் கல்லூரியில் சேர்த்த பிறகும் அந்தப் பேச்சை மாற்றவில்லை. கூட உட்கார்ந்து தைக்கும் கமலத்தையும் சேர்த்து நான்கு பெண்கள் அந்த ஷெட்டை நம்பி வந்துகொண்டிருந்தார்கள்.

பிறகு டிசைன் வந்தது. அப்பரின் மேல் பூ மாதிரி, வலை மாதிரி தையல் போட வேண்டும். எண்ணூறு ஜோடியும் ஒரே அச்சாக இருக்க வேண்டும். கையால் ஓட்டித் தைத்தால் ஒரு நூல் அகலம் தள்ளிப் போனாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்குக் கம்ப்யூட்டர் மெஷின் வேண்டும். திரையில் டிசைனைத் தொட்டுவிட்டு அப்பரை வைத்தால், அதுவே தைத்துவிடும். ஷூ கம்பெனியில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். அந்த மெஷின் இருந்தால் ஆர்டர், இல்லாவிட்டால் சலாம்.

பேங்க் ஆள் தேடி வந்தான். அக்கா அவனுக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டார். வட்டி ஹராம். பட்டினி கிடந்தாலும் அந்த வாசலில் கால் வைக்க மாட்டார். ஜமாத்தில் வட்டியில்லாக் கடன் உண்டு, ஆனால் அதற்கு நகையை ஈடு வைக்க வேண்டும். இருந்த நகை அந்த அளவுக்குப் பெறாது. அந்தச் சமயம் பார்த்துத்தான் சென்னையிலிருந்து ஒரு மெஷின் கம்பெனிக்காரன் வந்தான். வட்டியே கிடையாதும்மா, கடனே கிடையாது என்றான். முன்பணம் கொஞ்சம். பிறகு முப்பத்தாறு மாதம் வாடகை. அது முடிந்தால் மெஷின் உங்களுக்கே.

வாடகை! ஆயுள் முழுக்க அந்தச் சொல்லைத் திட்டியவர், வட்டிக்குப் பயந்து அதன் மடியிலேயே போய் விழுந்தார். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டும் வந்தார். வாடகைக்கு எடுப்பதில் தப்பில்லை, ஆனால் பத்திரத்தை நன்றாகப் படித்துப் பாருங்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். பத்திரம் இங்கிலீஷில் பதினோரு பக்கம். மெஷின் புத்தகமெல்லாம் படிக்கிறவன் நீதானே என்று என்னிடம் நீட்டினார்.

நான் நான்கு பக்கம் படித்தேன். ஐந்தாவதிலிருந்து புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் சாப்ட்வேர் லைசென்ஸ் என்று ஏதோ இருந்தது. இப்போது எல்லாவற்றிலும்தான் அது இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். "சரியா கீது, கையெழுத்து போடுக்கா" என்றேன். இன்னொன்றையும் இங்கேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். ஆள் பிடித்துக் கொடுத்ததற்கு அந்தக் கம்பெனிக்காரன் எனக்கு மூவாயிரம் ரூபாய் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். அக்காவிடம் சொல்லவில்லை.

முன்பணத்துக்கு அவருடைய இரண்டு வளையல் போனது. மெஷின் வந்து இறங்கிய அன்று பாத்திஹா ஓதி எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தார். கமலம் தன் பங்குக்கு மெஷின் ஓரத்தில் ஒரு சந்தனப் பொட்டு வைத்தாள். அக்கா அதைப் பார்த்தும் பார்க்காதவர் போல இருந்துவிட்டார். அந்தப் பொட்டு தானாக உதிரும்வரை யாரும் துடைக்கவில்லை.

முப்பத்தாறு மாதம். ஒரு மாதம் தவறவில்லை. கறி வாரம் ஒரு நாள் என்பது மாதம் ஒரு நாள் ஆனது. ரம்ஜானுக்குத் தூபாவுக்கு மட்டும் துணி. ரசீதுகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு குரான் வைக்கும் அலமாரிக்குக் கீழ்த்தட்டில் வைத்திருந்தார். கடைசி வாடகை கட்டிய அன்று ஆற்காட்டு மக்கன் பேடா வாங்கி வந்து எனக்கும் ஒன்று கொடுத்தார். மெஷினைத் தட்டி, "இன்னியில இருந்து இது என்னுது" என்றார்.

அடுத்த மாதம், ஒரு வியாழக்கிழமை காலை போன் வந்தது. "பாண்டியா, சீக்கிரம் வா. மெஷின் ஏதோ கேக்குது."

போய்ப் பார்த்தேன். திரையில் ஆறு கட்டங்கள், உள்ளே ஒன்றுமில்லை. மேலே இங்கிலீஷில், லைசென்ஸ் முடிந்தது, பாஸ்வேர்ட் போடவும் என்று இருந்தது. சனிக்கிழமை எண்ணூறு ஜோடி கொடுக்க வேண்டும். முந்நூறுதான் ஆகியிருந்தது. நான்கு பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

தூபாவின் போனிலிருந்து மெஷின் கம்பெனிக்குப் பேசினோம். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்டோம். கடைசியில் ஒருவன் வந்து மெயில் போடச் சொல்லி வைத்துவிட்டான். அக்கா புர்காவை மாட்டினார், ரசீதுக் கவரை எடுத்துக்கொண்டார். "ரயில் இருக்குதா பாரு" என்றார். அவரைத் தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, நானும் போனேன்.

சென்னையில் பழைய ஆள் இல்லை. அந்தக் கம்பெனியை வேறு கம்பெனி வாங்கிவிட்டதாம். ஏசி அறையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், நம் தூபா வயதுதான் இருக்கும். அக்கா முப்பத்தாறு ரசீதையும் மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அந்தப் பெண் பொறுமையாகப் பார்த்தாள். மரியாதையாகத்தான் பேசினாள், அதில் குறை சொல்ல முடியாது.

"மேடம், மெஷின் உங்களுதுதான். அதுல எந்தப் பிரச்சினையும் இல்ல. உள்ள ஓடற சாப்ட்வேர் எங்களுது. வாடகை இருந்த வரைக்கும் அதுலயே சேந்து இருந்துச்சு. இனிமே வருஷா வருஷம் தனியா கட்டணும். அக்ரிமென்ட்ல கடைசிப் பக்கத்துல இருக்கு."

"எவ்ளோ?"

"ஐம்பத்தெட்டாயிரம். ஜிஎஸ்டி தனி."

அக்கா ரசீதுகளை அவள் பக்கம் தள்ளினார். பிறகு, "உங்களுத நீங்க எடுத்துக்கோங்கம்மா. என்னுத ஓட விடுங்க" என்றார்.

"அது இல்லாம ஓடாது மேடம்."

"அப்ப இன்னா என்னுது? இரும்பா?"

அந்தப் பெண் ரசீதுகளை அடுக்கித் திருப்பிக் கொடுத்தாள். பாவம், அவளுக்கு என்ன சம்பளமோ. யானையை விற்றவன் அங்குசத்துக்கு வருடா வருடம் வாடகை கேட்கிறான், இதைக் கேட்க ஊரில் ஒரு நாதி இல்லை. அதைவிடக் கொடுமை, கடைசிப் பக்கம் என்று அவள் சொன்னபோது அக்கா என் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. திரும்பி நாலு திட்டுத் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

திரும்பி வரும் ரயிலில் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஈடு வைக்க வளையல் இல்லை. வட்டிக்கு வாங்க மாட்டார். வாணியம்பாடியில் லேப்டாப் வைத்து இந்த மாதிரிப் பூட்டைத் திறக்கிற ஒருவனை எனக்குத் தெரியும். காட்பாடி தாண்டியதும் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அது திருட்டு இல்லியா?" என்றார்.

"அவனுங்க பண்றது இன்னாக்கா?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். ஆம்பூர் வந்து இறங்கும்போதுதான் வாயைத் திறந்தார். "கூப்புடு அவன. அல்லா கிட்ட நான் பேசிக்கறேன்." வட்டிக்கு அஞ்சி இத்தனை தூரம் வந்தவர் இதைச் சொன்னார் என்றால் அவருடைய கதி என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை அவன் வந்தான். ஒயரை மாட்டினான், தட்டினான், தட்டிக்கொண்டே இருந்தான். ஜும்மா தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது திரை ஒருமுறை பளிச்சென்று நீலமானது. கமலம் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு திரை அணைந்தது. மறுபடி போட்டபோது ஆறு கட்டமும் இல்லை, டிசைனும் இல்லை, ஒன்றுமே இல்லை. உள்ளே இருந்ததெல்லாம் அழிந்துவிட்டது, வேறு போர்டு போட வேண்டும் என்றான். காசு கூட வாங்காமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

அக்கா அழவில்லை. பழைய மெஷினில் உட்கார்ந்து அந்தப் பூ டிசைனைக் கையாலேயே ஓட்டத் தொடங்கினார். வெள்ளி முழுவதும் ஓட்டினார், சனி காலையும் ஓட்டினார். நாற்பது ஜோடி தேறியது. ஷூ கம்பெனி வேன் வந்தது. செக்கிங் ஆள் நான்கு அப்பரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். மெஷின் தைத்த முந்நூறை மட்டும் எடுத்துக்கொண்டான், தைக்காத மீதியைப் பண்டலாகக் கட்டி வேனில் போட்டான். அந்த நாற்பதையும் வேஸ்ட் தோல் என்று எழுதி அவர் கணக்கிலேயே கழித்தான். ஷெட்டுக்கு அதுதான் கடைசி ஆர்டர்.

கமலம் தான் உட்கார்ந்து தைக்கும் சின்ன மெத்தையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். அது அவள் வீட்டிலிருந்து கொண்டு வந்தது. பேரணாம்பட்டிலிருந்து ஒருவன் மெஷினை விலைக்குப் பார்க்க வந்தான். லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றதும், கிலோ என்ன விலை என்று கேட்டான். அக்கா அவனை விரட்டவில்லை. விரட்டாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டு மாதம் நான் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. போன வாரம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை முடித்துச் சாயங்காலம் வெளியே வந்தேன். ஷிப்ட் விட்டிருந்தது. நீலக் கோட்டு போட்ட பெண்கள் கூட்டம் கூட்டமாக பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு நீலக் கோட்டுக்குள் தில்ஷாத் அக்கா இருந்தார். பத்தொன்பது வருடம் தைத்த அதே கம்பெனி. கழுத்தில் புது ஆள் என்று அட்டை.

அவரே என்னைப் பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னா பாண்டியா, ஆளையே காணோம்?"

"எந்த லைன்ல போட்டிருக்காங்கக்கா?" வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"கம்ப்யூட்டர் மெஷின்ல. என்னுது மாதிரியேதான், அதே கலரு. காத்தால பட்டன அமுத்தறேன், ஓடுது. சாயங்காலம் நிறுத்திட்டு வர்றேன்." கழுத்து அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "பேஜார் இல்ல" என்றார். அந்தக் குரலில் அபிப்பிராயம் எதுவும் இல்லை. பதினோரு வருடத்தில் அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. சட்டைப்பையிலிருந்து மூவாயிரத்தை எடுத்தேன். இரண்டு மாதமாக அதைத் தனியாக வைத்துக்கொண்டு திரிந்துகொண்டிருந்தேன். "அக்கா, அந்த மெஷினுக்கு உங்கள காட்டிக் குடுத்ததுக்கு அவன் எனக்குக் கமிஷன் குடுத்தான். கடைசிப் பக்கம் நான் படிக்கல. இத வாங்கிக்கோங்க."

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்ட வேண்டும் என்று அல்லாவையும் முருகனையும் வேண்டிக்கொண்டேன். பஸ் டிரைவர் ஹாரன் அடித்தான்.

"வெச்சிக்கோ" என்றார். "அது உன் சொந்தம். அத எவனும் பூட்ட மாட்டான்."